ஐந்தாவது பணிக்கு எத்தனை எந்திரங்கள்?

நான்கு எந்திரங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். தம்முள் எந்த வேறுபாடும் இல்லாத ஐந்து பணிகள் அவற்றுக்காகக் காத்திருக்கின்றன. ஒரு பணிக்கு ஓர் எந்திரத்தை மட்டும் கொடுத்தால் 10 மணி நேரத்தில் முடியும். இரண்டைக் கொடுத்தால் 6 மணி நேரம். மூன்றைக் கொடுத்தால் 4 மணி 40 நிமிடம். நான்கையும் கொடுத்தால் 4 மணி நேரம். தொடங்கிய பணியை இடையில் நிறுத்தக் கூடாது. அதற்குக் கொடுத்த எந்திரங்களைப் பாதியில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஐந்தும் முடிவதற்குத் தேவையான மிகக் குறைந்த நேரம் எவ்வளவு?

இந்தக் கணக்கைப் பலரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் முதலில் எல்லாப் பணிகளையும் ஒரே மாதிரி நடத்தத்தான் முனைகிறார்கள். நான்கு எந்திரங்களையும் ஒவ்வொரு பணிக்கும் மாறிமாறிக் கொடுத்தால் 20 மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எந்திரம் என்று வைத்தாலும், நான்கு முடிந்தபின் ஐந்தாவது தனியாக ஓடி, அதே 20 மணி நேரம்தான் ஆகும். இரண்டிரண்டாகக் கொடுத்தால் 18. சிறந்த விடை 14 மணி நேரம்: நான்கு பணிகளுக்கு ஆளுக்கோர் எந்திரம், ஐந்தாவது பணிக்கு மட்டும் நான்கும். இதைவிடக் குறைக்க முடியாது என்பதையும் எளிதாகக் காட்டிவிடலாம். 14 மணி நேரத்துக்கும் குறைவான அட்டவணை ஒன்று இருந்தால், ஒற்றை எந்திரப் பணியைத் தாங்கும் எந்திரத்தில் மீதமிருப்பது 4 மணி நேரத்துக்கும் குறைவு. அதில் வேறு எந்தப் பணியும் நுழையாது. எந்திரங்களின் எண்ணிக்கையை ஓடும் நேரத்தால் பெருக்கி வருவதை எந்திர மணி என்போம். மற்ற பணிகள் ஒவ்வொன்றும் மீதமுள்ள எந்திரங்களில் குறைந்தது 12 எந்திர மணியைத் தின்னும். ஒற்றை எந்திரப் பணிகள் எத்தனை என்று ஒவ்வொன்றாக வைத்து எண்ணிப் பார்த்தால், எப்படிப் பார்த்தாலும் நான்கு பணிகளுக்கு மேல் அடங்குவதில்லை.

ஒன்றுபோலவே இருக்கும் ஐந்து பணிகளில் ஒன்றை மட்டும் வேறு விதமாக நடத்துவதுதான் சிறந்த அட்டவணை என்பது முதலில் என்னைச் சங்கடப்படுத்தியது. ஒரு பணிக்கு எத்தனை எந்திரங்கள் பொருந்தும் என்பது அந்தப் பணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நான் நம்பியிருந்த காலம் அது. அந்த எண் பணிக்குள் இல்லை, வரிசை முழுவதையும் பார்த்த பிறகுதான் பிறக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளில் ஓர் ஆய்வுக் குழுவின் கணினித் தொகுதியைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பில் இருந்தது. கணக்கீட்டுப் பணியை அனுப்புபவர், தமக்கு எத்தனை கணினிகள் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்ற இரண்டு எண்களையும் பணிக்கோப்பின் தலைப்பில் எழுதிவிடுவார். அட்டவணை நிரல் அந்த இரண்டையும் மாற்ற முடியாத கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும். பணியை ஒரு செவ்வகமாகக் கற்பனை செய்தால், அகலம் எந்திரங்களின் எண்ணிக்கை, நீளம் ஓடும் நேரம், பரப்பு அந்தப் பணி தின்னும் எந்திர மணி. நிரலின் வேலை இந்தச் செவ்வகங்களை இடைவெளி குறைவாக அடுக்குவது. பெரிய பணி ஒன்று போதிய இடத்துக்காகக் காத்திருக்கும்போது, அதன் தொடக்கத்தைத் தள்ளிப்போடாத சிறிய பணிகளை இடைவெளிகளில் முன்னதாகச் செருகும் உத்தி ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஐபிஎம் கணினியில் உருவாகி 1995இல் எழுதப்பட்டது. இன்று ஏறக்குறைய எல்லா அட்டவணை நிரல்களிலும் அது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆனால் அந்த உத்தி செவ்வகத்தின் வடிவத்தைக் கேள்வி கேட்பதில்லை. ஃபைடல்சன், ருடால்ஃப் என்ற ஆய்வாளர்கள் 1996இல், பல எந்திரங்களில் ஒருங்கே ஓடும் இணைப்பணிகளை வகைப்படுத்தியபோது, அனுப்புபவரே அகலத்தை முடித்துவிடும் பணிகளை இறுகிய பணிகள் என்றும், தொடங்கும் வேளையில் நிரல் அகலத்தைத் தேர்ந்துகொள்ள இடம் தரும் பணிகளை வேறு வகை என்றும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அகலம் மாறுவதைத் தாங்கும் பணிகளை இன்னொரு வகை என்றும் பிரித்தார்கள். எங்கள் பணிகளில் பெரும்பாலானவை இயல்பில் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நாங்கள்தான் அவற்றை இறுகிய பணிகளாக எழுதிக்கொண்டிருந்தோம்.

எழுதுபவர்கள் ஏன் பெரிய எண்ணையே எழுதினார்கள் என்பது விளங்காத புதிர் அல்ல. தன் பணி விரைவில் முடிய வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. கூடுதல் எந்திரம் கொடுத்தால் நேரம் குறையும் என்பதும் உண்மை. மறைந்திருப்பது விலை. கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இங்கே அப்படியே பொருந்துகிறது: எந்தப் பணியிலும் பங்கிட முடியாத ஒரு பகுதி உண்டு, எத்தனை எந்திரங்களைச் சேர்த்தாலும் அந்தப் பகுதி சுருங்காது. நம் கணக்கில் பங்கிட முடியாத பகுதி 2 மணி நேரம், பங்கிடக்கூடியது 8 மணி நேரம். இரண்டு எந்திரங்களில் 2 கூட்டல் 4, ஆக 6. நான்கில் 2 கூட்டல் 2, ஆக 4. எட்டு எந்திரங்கள் இருந்தால் 3 மணி நேரம். எத்தனை கொடுத்தாலும் 2 மணி நேரத்துக்குக் கீழே இறங்காது. எந்திர மணியில் கணக்கிட்டால் ஓர் எந்திரத்துக்கு 10, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 14, நான்குக்கு 16. சேர்க்கும் ஒவ்வோர் எந்திரமும், பங்கிட முடியாத அந்த 2 மணி நேரமும் சும்மா நின்றுவிட்டு வருகிறது. அந்தச் சும்மா நின்ற நேரம் வரிசையில் பின்னால் நிற்கும் வேறொருவருடையது. தன் பணியின் அகலத்தை ஒருவர் தாமாகவே முடிவு செய்யும்போது அவர் கண்ணுக்குத் தெரியாமல் போவது இதுதான்.

இதிலிருந்து, எப்போதும் குறைந்த அகலமே நல்லது என்ற முடிவுக்குத் தாவிவிடவும் கூடாது. ஐந்துக்குப் பதில் நான்கு பணிகள் இருந்தால் ஆளுக்கோர் எந்திரம் என்று கொடுத்து 10 மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அதைவிட வேகமாக நான்கையும் முடிக்க வழியில்லை. ஆனால் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கேட்டால் விடை மாறுகிறது. இரண்டிரண்டு எந்திரங்களாகக் கொடுத்தால் முதல் இரண்டு பணிகள் 6 மணி நேரத்திலும் அடுத்த இரண்டு 12 மணி நேரத்திலும் முடியும், சராசரி 9. எல்லாம் முடியும் நேரம் 10இலிருந்து 12க்கு நீள்கிறது, சராசரி 10இலிருந்து 9க்குக் குறைகிறது. எதைக் குறைக்க விரும்புகிறோம் என்பதை முதலில் சொல்லாமல் சிறந்த அட்டவணை எது என்று விவாதிப்பவர்கள் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் குழுவில் பல மாதங்கள் அப்படித்தான் கழிந்தன. இனி இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவது எல்லாம் முடியும் நேரத்தைப் பற்றி மட்டுமே.

அகலம் ஒன்றாகவே நிலைத்த பணிகளிலேயே இந்தத் துறை போதிய அளவுக்குக் கடினமானது. கொடுத்த எண்களை இரண்டு சமமான பகுதிகளாகப் பிரிக்க முடியுமா என்ற கேள்வியே இரண்டு எந்திர அட்டவணைக்குள் ஒளிந்திருப்பதால், இரண்டு எந்திரங்களுக்கே துல்லியமான விடையை எப்போதும் விரைவாகத் தரும் வழி எதுவும் அறியப்படவில்லை. ஆகவே எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு உறுதி தரும் எளிய முறைகளைத் தேட வேண்டியிருக்கிறது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரொனால்ட் கிரஹாம் 1966இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியின் தொடக்கம். எந்திரம் எப்போது ஓய்கிறதோ அப்போது பட்டியலில் அடுத்து நிற்கும் பணியை அதனிடம் கொடு என்ற மிக எளிய விதி, சிறந்த அட்டவணையைவிட இரண்டு மடங்கை ஒருபோதும் தொடுவதில்லை என்று அவர் காட்டினார். மூன்று எந்திரங்களுக்கு எல்லை மூன்றில் ஐந்து மடங்கு. அந்த எல்லையைத் தொடும் எடுத்துக்காட்டும் உண்டு: 1 மணி நேரப் பணிகள் ஆறு, 3 மணி நேரப் பணி ஒன்று. பெரியது பட்டியலின் கடைசியில் நின்றால் 5 மணி நேரம் ஆகும். முதலில் நின்றால் 3 மணி நேரத்தில் எல்லாம் முடியும்.

அதே ஆய்வில் என்னை அதிகம் பாதித்தது எல்லையல்ல, முரண்கள். பின்வரும் எடுத்துக்காட்டை நான் கையால் வரைந்து சரிபார்த்தேன். படிப்பவர்களும் ஒருமுறை வரைந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது பணிகள். முதலாவது 3 மணி நேரம், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆகியவை தலா 2, ஐந்தாவது முதல் எட்டாவது வரை தலா 4, ஒன்பதாவது 9. முதலாவது முடிந்த பிறகே ஒன்பதாவது தொடங்கலாம். நான்காவது முடிந்த பிறகே ஐந்து முதல் எட்டு வரையிலானவை தொடங்கலாம். பட்டியல் வரிசைப்படி மூன்று எந்திரங்களில் ஓட்டினால் 12 மணி நேரத்தில் முடிகிறது. இப்போது நான்காவதாக ஓர் எந்திரத்தைச் சேர்த்தால் 15 மணி நேரம் ஆகிறது. காரணம் வரைந்து பார்த்தால் தெளிவாகும்: புதிய எந்திரம் நான்காவது பணியை உடனே எடுத்து 2 மணி நேரத்தில் முடித்துவிடுகிறது, அதனால் 4 மணி நேரப் பணிகள் முன்கூட்டியே திறந்துகொண்டு எல்லா எந்திரங்களையும் பிடித்துக்கொள்கின்றன, எல்லாவற்றிலும் நீளமான ஒன்பதாவது 3ஆம் மணிக்குப் பதில் 6ஆம் மணியில்தான் இடம் பெறுகிறது. மூன்று எந்திரங்களையே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பணியையும் ஒரு மணி நேரம் சுருக்கினாலும் 12 மணி நேரம் 13 ஆகிறது. ஐந்தாவதும் ஆறாவதும் நான்காவதுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் 16 ஆகிறது.

வளத்தைக் கூட்டுவது, வேலையைக் குறைப்பது, கட்டுப்பாட்டைத் தளர்த்துவது ஆகிய மூன்றும் நமக்கு நன்மையாகவே தோன்றுகின்றன. கையில் வந்ததை உடனே பயன்படுத்திக்கொள்ளும் விதியின்கீழ் மூன்றும் தீமையாக முடியலாம். பணிக்கு நெகிழ்வு கொடுப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நன்மை. பரவலாகப் பயன்படும் ஸ்லர்ம் என்ற அட்டவணை நிரலில், கணினிகளின் எண்ணிக்கையை ஒரே எண்ணாக அன்றி, குறைந்த அளவு, அதிக அளவு என்று வீச்சாகவும் எழுதலாம். பணியின் தொடக்கத்தைத் தள்ளிப்போடாமல், அந்த வீச்சுக்குள் முடிந்தவரை அதிகமான கணினிகளை நிரல் கொடுக்கும். எங்கள் தொகுதியில் இந்த வசதியை நான் மகிழ்ச்சியோடு அறிமுகம் செய்தேன். ஒன்று முதல் நான்கு வரை என்று எழுதும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். தொடக்கக் கணக்கின் நான்கு எந்திரங்களும் ஓய்ந்திருக்க, ஐந்து பணிகளும் இப்படி எழுதப்பட்டு வந்தால் என்ன நடக்கும்? முதல் பணி நான்கையும் எடுத்துக்கொள்ளும். அது முடிந்ததும் இரண்டாவது நான்கையும் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 20 மணி நேரம். நெகிழ்வைக் கொடுத்துவிட்டு, அதை எப்படிச் செலவிடுவது என்ற முடிவை முந்திக்கொண்டவரிடம் விட்டதால் வந்த விளைவு அது. அந்த மாதம் வரிசை நீண்டதற்கு எந்திரப் பற்றாக்குறையே காரணம் என்று நான் எழுதிய அறிக்கை தவறானது.

அகலத்தை எப்படி முடிவு செய்வது என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிக அழகான வழி, கேள்வியைத் தலைகீழாகத் திருப்புவது. எவ்வளவு நேரத்தில் முடியும் என்று கேட்காமல், ஒரு கெடுவை ஊகித்துக்கொண்டு, இந்தக் கெடுவுக்குள் முடியுமா என்று கேட்க வேண்டும். இந்த உத்தியை ஹோக்பாமும் ஷ்மாய்ஸும் 1987இல் ஒற்றை எந்திரப் பணிகளுக்காக முறைப்படுத்தினார்கள். நெகிழும் பணிகளில் அது இன்னும் சிறப்பாக வேலை செய்கிறது. கெடுவை வைத்ததும் ஒவ்வொரு பணிக்கும் ஓர் அகலம் தானாகவே கிடைத்துவிடுகிறது: அந்தக் கெடுவுக்குள் முடிவதற்குப் போதுமான மிகக் குறைந்த எந்திரங்கள். அதற்கு மேல் ஓர் எந்திரம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை, ஏனெனில் அகலம் கூடினால் எந்திர மணியும் கூடும். இப்படிக் கிடைத்த செவ்வகங்களின் பரப்புகளைக் கூட்டினால், கெடுவுக்குள் முடிக்கத் தேவையான குறைந்தபட்ச உழைப்பு தெரிந்துவிடும். அது எந்திர எண்ணிக்கையைக் கெடுவால் பெருக்கி வரும் கொள்ளளவைவிட அதிகமாக இருந்தால், அந்தக் கெடு நடக்காத காரியம் என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம்.

கொள்ளளவுக்குள் அடங்கினால் என்ன செய்வது? அகலங்கள் முடிவாகிவிட்டன, இனி எப்போதெல்லாம் போதிய எந்திரங்கள் ஓய்ந்திருக்கின்றனவோ அப்போதெல்லாம் பட்டியலில் அவற்றில் பொருந்தும் பணியைத் தொடங்கினால் போதும். கேரியும் கிரஹாமும் 1975இல் வெளியிட்ட ஆய்வின் வழியே, இப்படி ஓட்டினால் கெடுவின் இரண்டு மடங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று காட்டலாம். வாதம் மிக எளியது. கெடுவின் இரண்டு மடங்கைத் தாண்டியும் ஏதோ ஒரு பணி ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு கணத்தையும், சரியாக ஒரு கெடு அளவு கழிந்த இன்னொரு கணத்தையும் எடுத்துக்கொண்டால், பின்னதில் ஓடும் பணிகள் முன்னதில் ஓடிக்கொண்டிருந்திருக்க முடியாது, ஏனெனில் எந்தப் பணியும் கெடுவைவிட நீளமில்லை. முன்னதில் அவை ஏன் தொடங்கவில்லை? இடம் இல்லாததால். எனவே அந்த இரண்டு கணங்களிலும் வேலையில் இருக்கும் எந்திரங்களைக் கூட்டினால் மொத்த எந்திர எண்ணிக்கையைத் தாண்ட வேண்டும். கெடு முழுவதும் இப்படி இணை இணையாக எண்ணிக்கொண்டே போனால், செலவான உழைப்பு கொள்ளளவைத் தாண்டிவிடும். அது தாண்டவில்லை என்று முன்பே பார்த்துவிட்டோம். இதை முதன்முறை புரிந்துகொண்ட மாலையில் வேறு வேலை எதுவும் எனக்கு ஓடவில்லை.

நம் ஐந்து பணிகளுக்கு இதைப் பொருத்துவோம். கெடு 12 மணி நேரம் என்றால் அகலம் ஒன்றே போதும். உழைப்பு 50 எந்திர மணி, கொள்ளளவு 48. நடக்காது. 12.5 மணி நேரம் என்றால் கொள்ளளவு 50, அடங்குகிறது. ஆனால் ஒற்றை அகலத்தில் வரிசையாக ஓட்டினால் 20 மணி நேரம் ஆகும். 25க்குள் என்ற உறுதி காப்பாற்றப்பட்டது, சிறந்த விடையான 14 இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. குறை எங்கே என்பதும் தெரிகிறது: ஐந்து பணிகளுக்கும் ஒரே கெடு, ஆகவே ஒரே அகலம். கடைசியில் மிஞ்சும் பணிக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

மூனியே, ரபீன், டிரிஸ்ட்ராம் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட முறை இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. அவர்கள் அட்டவணையை இரண்டு அடுக்குகளாகப் பார்க்கிறார்கள். முதல் அடுக்கின் உயரம் முழுக் கெடு, இரண்டாவதின் உயரம் அரைக் கெடு. முதல் அடுக்கில் வைக்கும் பணிக்குக் கெடுவுக்குள் முடியப் போதுமான அகலம். இரண்டாவதில் வைக்கும் பணிக்கு அரைக் கெடுவுக்குள் முடியப் போதுமான, அதனால் பெரிய, அகலம். எந்தப் பணி எந்த அடுக்குக்கு என்பதுதான் கேள்வி. குறித்த கொள்ளளவுள்ள பைக்குள் அதிகப் பயன் தரும் பொருள்களைத் தேர்ந்தடுக்கும் பழைய கணக்காக அது மாறிவிடுகிறது. இந்த வழியில் ஒன்றரை மடங்கு உறுதி கிடைக்கிறது. நம் எடுத்துக்காட்டில் கெடு 14 என்று வைத்தால் நான்கு பணிகள் ஒற்றை அகலத்தில் முதல் அடுக்கிலும், ஐந்தாவது 7 மணி நேரத்துக்குள் முடியும்படி இரண்டு எந்திர அகலத்தில் இரண்டாம் அடுக்கிலும் அமர்ந்து, 16 மணி நேரத்தில் எல்லாம் முடியும். ஒரே மாதிரியான பணிகளை வேறுவேறாக நடத்தும் துணிவு அட்டவணைக்குள் இந்த இடத்தில்தான் நுழைகிறது.

இடையில் நிறுத்தி வேறு எந்திரத்துக்கு மாற்றலாம் என்றால் நிலைமை முற்றிலும் வேறு. மெக்நாட்டன் 1959இலேயே ஒற்றை அகலப் பணிகளுக்கு இதைத் தீர்த்துவிட்டார்: 50 மணி நேர வேலையை ஒரே நீளக் கயிறாக எண்ணி 12.5 மணி நேரத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கோர் எந்திரம் என்று கொடுத்தால் போதும். வெட்டுப்பட்ட பணி ஓர் எந்திரத்தின் இறுதியிலும் அடுத்ததின் தொடக்கத்திலும் விழும். எந்தப் பணியும் 12.5 மணி நேரத்தைவிட நீளமில்லாததால் இரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில் மோதுவதில்லை. காகிதத்தில் இது 14ஐ வெல்கிறது. உண்மையான பணியில், நினைவகத்தில் இருக்கும் நிலை முழுவதையும் வட்டில் எழுதி, வேறிடத்தில் படித்து, மீண்டும் தொடங்க வேண்டும். எங்கள் பணிகள் பலவற்றில் அதற்கான ஏற்பாடே எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே நான் இந்த வழியில் போகவில்லை.

இறுதியில் நாங்கள் செய்தது சிறிய மாற்றம்தான். வீச்சை நேராக அட்டவணை நிரலிடம் கொடுக்காமல், காத்திருக்கும் பணிகளை ஒன்றாகத் திரட்டி, கெடுவை ஊகித்து அகலங்களை முடிவு செய்யும் சிறு நிரலை முன்னால் வைத்தோம். அதற்குத் தேவைப்பட்டது ஒவ்வொரு பணியும் அகலத்துக்கேற்ப எப்படிச் சுருங்குகிறது என்ற தகவல். அனுப்புபவர்களிடம் கேட்டால் கிடைக்காது. எழுதிய நேரம் முடிந்ததும் பணி கொல்லப்படும் என்ற அச்சத்தால் எல்லோரும் நேரத்தைக் கூட்டியே எழுதுகிறார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. அளந்து பார்ப்பதுதான் வழி. ஓர் எந்திரத்தில் 10 மணி நேரம், நான்கில் 4 மணி நேரம் என்ற இரண்டு அளவுகள் போதும்: வித்தியாசமான 6 மணி நேரம் பங்கிடக்கூடிய பகுதியின் முக்கால் பங்கு, ஆகவே அந்தப் பகுதி 8, மீதி 2.

இரண்டு அளவுகளோடு நிறுத்தாமல் மூன்றாவதையும் எடுக்கும்படி வற்புறுத்துவேன். மேற்சொன்ன கணக்குப்படி இரண்டு எந்திரங்களில் 6 மணி நேரம் வர வேண்டும். அதிலிருந்து விலகி வந்தால், எந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் செலவு போன்ற ஏதோ ஒன்று மாதிரிக்குள் இல்லை என்று பொருள். பங்கிட முடியாத பகுதியை அது தவறாகக் கணித்திருக்கிறது. வேறு சில பணிகளில் எதிர்மாறாகவும் பார்த்திருக்கிறேன்: ஓர் எந்திரத்தின் நினைவகத்தில் தரவு அடங்காமல் வட்டுக்கும் நினைவகத்துக்கும் அலைந்த பணி, இரண்டு எந்திரங்களில் பாதிக்கும் குறைவான நேரத்தில் முடிந்தது. அகலம் கூடினால் உழைப்பும் கூடும் என்ற அடிப்படையே அங்கே உடைகிறது. குறைந்த அகலத்தைத் தேர்ந்தெடுத்தால் உழைப்பு கூடுகிறது. அத்தகைய பணிகளுக்கு வீச்சின் கீழ் எல்லையை இரண்டாக உயர்த்தி வைத்தோம். அதற்கு மேலே கணக்கு மீண்டும் ஒழுங்காக நடந்தது.